வீட்டைப் பார்த்து நின்ற வண்டி

மெதேயா,
12 நவம்பர் 2017

அன்புள்ள லக்தர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். குளிர் தொடங்கியதும் உம்மாவுக்கு மட்டும் முழங்கால் பிடித்துக்கொண்டது. நீயும் மதினியும் மஹ்தியும் நலம்தானே? மார்செய்யில் உனக்கு இன்னும் இரவு பஸ்தானா, அல்லது பகலுக்கு மாற்றினார்களா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பாபாவின் வண்டி என்று வாயெடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த நோய் கிடையாது. முழுதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

இக்ராமுக்கு நிச்சயமாகிவிட்டது. பையன் பெருவாகியாக்காரன், பெயர் நஸீம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அடுத்த கோடையில் கல்யாணம். உன் மருமகள் கேட்பது ஒன்றே ஒன்று. வாடகைக்கு எடுத்த வெள்ளை மெர்சிடிஸ் அவளுக்கு வேண்டாமாம். தாத்தாவின் பழைய பெஜோ நானூற்று நாலு காரில்தான் புகுந்த வீட்டுக்குப் போவாளாம்.

முடியாது என்று சொல்லத்தான் நான் வாய் திறந்தேன். அதற்குள் உம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து சாவியை மேஜையில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக நம் யார் கண்ணிலும் படாத சாவி. எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைத்திருந்திருக்கிறாள். ஒரு பொட்டுத் துரு இல்லை.

என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன் ரபாஹை உனக்கு நினைவிருக்கும், கார் எலெக்ட்ரீஷியன், வாய் ஓயாதவன். அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகையைத் திறந்தேன். டயர் நாலும் தரையோடு ஒட்டிப்போய், சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தி, கூரைமேல் கோழி எச்சம். "என்ன தங்கச்சி, காரைத் திறக்கச் சொன்னியா, கோழிப் பண்ணையத் திறக்கச் சொன்னியா?" என்றான். ஆனால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இது ஓடும்" என்றான்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஊர் சொன்னதைத்தான் சொல்வாய். பாபா காணாமல்போனபோது பென் ஷிக்காவ் மேட்டில் வண்டி ரோட்டோரமாக ஒழுங்காக நின்றது, கைபிரேக் போட்டிருந்தது, கண்ணாடி உடையவில்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. பிடித்துக்கொண்டு போகப்பட்டவன் வண்டியா இப்படி நிற்கும், இது தானே இறங்கி நடந்தவன் வண்டி, தாஹிர் மலைக்குப் போய் அரசோடு சண்டை போட்ட துப்பாக்கிக்காரர்களோடு சேர்ந்துவிட்டான் என்றார்கள். அந்தப் பேச்சைத் தலையில் சுமந்துகொண்டுதான் நான் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டேன். நீ கப்பல் ஏறினாய்.

ஆனால் வண்டி வீட்டைப் பார்த்து நின்றது, அண்ணா. அதை யாரும் சொல்வதே இல்லை.

இக்ராமின் பாபா உயிரோடு இல்லை. அவள் வாசல் தாண்டும்போது வழக்கப்படி யாருடைய தூக்கிய கைக்கு அடியில் குனிந்து போவாள்? தாய்மாமன் என்று இருப்பது நீ ஒருவன்தான். வா.

உன் தங்கை,
சுலைகா


மார்செய்,
3 டிசம்பர் 2017

அன்புத் தங்கை சுலைகாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் நலம். இரவு பஸ்தான். பழகிவிட்டது. உம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய்க்கச் சொல். இக்ராமுக்கு என் துஆவும் முத்தமும். பையன் வாத்தியார் என்பதில் சந்தோஷம்.

வண்டியை விட்டுவிடு. பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தள்ளிக்கொண்டு போகச் சொல். கொட்டகை காலியானால் உன் தையல் மெஷின்களை அங்கே போட்டுக்கொள்ளலாம். பெருவாகியாவுக்குப் போக வேண்டுமென்றால் அந்த மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வண்டியில் அந்த மேட்டை யாரும் தாண்ட வேண்டாம். ஊரெல்லாம் செய்வதுபோல் ஒரு வெள்ளைக் காரை வாடகைக்கு எடு.

கோடையில் லீவு கிடைப்பது கஷ்டம். உன் மதினியும் அதையேதான் சொன்னாள்.

ஒன்று கேட்க வேண்டும். நான் புறப்படும் முன் உம்மாவிடம் அந்தச் சாவியைக் கேட்டேன். தொலைந்துவிட்டது என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்?

அன்புடன்,
லக்தர்


மெதேயா,
28 ஜனவரி 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் வந்தது. உம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது காலுக்கா, கத்தரிக்காய்க்கா?" என்றாள். ஆனால் தினமும் தேய்க்கிறாள். இங்கே மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது. மஹ்தியின் இருமல் நின்றதா?

சாவியைப் பற்றி உம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு அவன் கண்ணப் பாத்தேன், வண்டியக் கொளுத்திடுவான்னு தோணுச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரும்புக்காரனைக் கூப்பிடவில்லை. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ரபாஹ் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊறப்போட்டான். வாரத்துக்கு ஒருதரம் கியரைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுவான். "மாமியார் வீட்டுக்குப் போன மருமகப்புள்ள மாதிரி அசைய மாட்டேங்குது" என்று ஒரு வசவு. போன வெள்ளிக்கிழமை நானும் இக்ராமும் பின்னால் நின்று முக்கித் தள்ளும்போது உள்ளே எங்கோ ஒரு முனகல் கேட்டது, வண்டி ஒரு முழம் நகர்ந்தது. "எறங்கிடுச்சு தங்கச்சி, பிஸ்டன் எறங்கிடுச்சு!" என்று அவன் கோழிகளெல்லாம் சிதறி ஓடக் கத்தினான். டாங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ்போல் கெட்டியாகிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்த நாற்றம் இன்னும் என் முக்காட்டில் இருக்கிறது.

சீட்டு என் வேலை. கல்யாண உடுப்புக்கு ஜரிகை தைத்த கை இது, சீட்டு தைக்காதா? பழைய உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டினேன். ஓட்டுகிறவர் சீட்டின் பஞ்சில் ஒரு பள்ளம் இருந்தது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம். இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தது, பாபா அப்படித்தானே சாய்ந்து உட்காருவார். அதை நிரப்ப எனக்குக் கை வரவில்லை. அப்படியே மேலே உறை போட்டுவிட்டேன். இப்போது கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சீட்டுக்குக் கீழே ஒரு காகிதப் பொட்டலம் கிடைத்தது. உள்ளே நாலு பேரீச்சம்பழம், கல்லாகக் காய்ந்து. அது ரமலான் மாதம் இல்லையா? மேட்டுக்கு அப்பால் இருந்த அத்தையைப் பார்த்துவிட்டு வருகிற வழியில் பாங்கு சொன்னால் வாயில் போட எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றுகூடக் குறையவில்லை. உம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, "நோன்பத் திறக்காமலே போயிருக்கார்" என்றாள். கொட்டகை வாசல்வரை வருகிறாள், உள்ளே மட்டும் கால் வைக்க மாட்டேன் என்கிறாள்.

மூத்த மகனுக்கு அவர் பெயரை வைக்காமல் மஹ்தி என்று வைத்தாயே, அப்போது உம்மா உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். உனக்குச் சிக்னல் போய்விட்டது.

மதினிக்கு என் ஸலாம்.

சுலைகா


மெதேயா,
4 மார்ச் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நலம் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். உம்மா நலம். இதை நின்று நிதானமாகப் படி.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ரபாஹ் புது பாட்டரி கொண்டுவந்தான். வெளியே மழைக்காற்று, அதனால் கொட்டகைக் கதவைச் சாத்தியிருந்தோம். உள்ளே மங்கல். வண்டியின் கதவு நாலும் மூடியிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது, இன்னும் போடவே இல்லை. அவன் கம்பியைப் பாட்டரியில் வைத்தான்.

வண்டிக்குள் விளக்கு எரிந்தது.

ரபாஹ் "பிஸ்மில்லாஹ்!" என்று ஸ்பானரைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். கூரை விளக்கு, மஞ்சளாக, பாபாவின் சீட்டுப் பள்ளத்துக்கு நேர் மேலே. முன்னால் வலப்பக்கம் சின்ன விளக்கும் எரிந்தது. இடப்பக்கப் பல்பு செத்துப்போயிருக்கிறது.

"பயப்படாத, சுவிட்ச் போட்டபடியே கெடந்திருக்கு, அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே குனிந்து பார்த்தான். "பெரிய விளக்கு அணைச்சிருக்கு. சின்ன விளக்கு போட்டிருக்கு. கூரை விளக்கு..." அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "தங்கச்சி, இது செக்போஸ்ட்டுக்குப் போடுற விளக்கு."

உனக்கும் எனக்கும் இதை விளக்கவே வேண்டாம். இருட்டில் சாவடியைக் கண்டால் பெரிய விளக்கை அணைப்போம், சின்ன விளக்கோடு மெதுவாகப் போவோம், நிற்பவனுக்கு வண்டிக்குள் இருப்பவர் முகம் தெரியட்டும் என்று கூரை விளக்கைப் போடுவோம். போடாதவனைச் சுட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பனிமூட்டம், சீக்கிரமே இருட்டியிருக்கும். மலைக்குப் போகிறவன் யாருக்கு முகம் காட்டுவான், அண்ணா? அவனுக்கு இருட்டுத்தானே வேண்டும்? அவரை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒழுங்காக ஓரம் கட்டி, கைபிரேக் போட்டு, விளக்கைப் போட்டிருக்கிறார். சீருடை போட்டவர்கள் எல்லாம் சிப்பாய்களாக இல்லாத காலம் அது. நிறுத்தியது யார் என்று விளக்கு சொல்லாது. ஆனால் அவர் போகவில்லை. நிறுத்தப்பட்டார்.

பேச்சுக் குரல் கேட்டு உம்மா வந்தாள். முதல்முறையாக உள்ளே வந்தாள். விளக்கெரியும் அந்தக் காலி வண்டியைக் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தாள். "யாருக்கோ மொகத்தக் காட்டியிருக்கார்" என்றாள். பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

கூரை விளக்கின் சுவிட்சை நான் யாரையும் தொடவிடவில்லை. ரபாஹ் பல்பை மட்டும் கழற்றினான். சுவிட்ச் அவர் வைத்தபடியே இருக்கிறது.

இப்போது சொல். மேட்டிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தது நீ. அந்தச் சுவிட்சை நீ தொட்டாயா? வேறு யாராவது தொட்டதைப் பார்த்தாயா?

சுலைகா


மார்செய்,
22 மார்ச் 2018

சுலைகா,

ஒரு சுவிட்ச். அதை யார் வேண்டுமானாலும் தட்டியிருக்கலாம். டிராக்டர்காரன், வண்டியைச் சோதித்தவர்கள், உன் கோழிகள். ரபாஹ் கதை கட்டுவதில் கெட்டிக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். நீயும் பின்பாட்டுப் பாடுகிறாய். ஒரு பல்பை வைத்துக்கொண்டு செத்தவரை எழுப்பாதே. உம்மாவை அந்தக் கொட்டகைக்குள் விடாதே.

எனக்கு வேலைக்கு நேரமாகிறது.

லக்தர்


மெதேயா,
19 ஏப்ரல் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ ஸலாமும் சொல்லவில்லை, உம்மாவின் முழங்காலைப் பற்றியும் கேட்கவில்லை. கோபத்தில் எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் "செத்தவர்" என்று எழுதியிருக்கிறாய், கவனித்தாயா? இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் "போனவர்" என்றுதான் சொல்வாய். செத்தவர் என்று இப்போதுதான் உன் கை எழுதியது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

இங்கே கல்யாணமே ஆட்டம் கண்டுவிட்டது. நஸீமின் பெரியப்பா ஹாஜி மீலூத் என்று ஒருவர், அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். அந்த நாட்களில் தம்பியைப் பறிகொடுத்தவர். மலையிலிருந்து இறங்கியவர்கள் வீட்டு வாசலிலேயே கொன்றார்கள். எந்த வண்டியில் பெண் வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஆள் அனுப்பினார். "மலைக்குப் போனவன் பேத்தியக் கட்டுறதுக்கே மனச அடக்கிக்கிட்டு சம்மதிச்சேன். அவன் வண்டியும் எங்க தெருவுக்குள்ள வரணுமா? வந்தா கல்யாணம் இல்ல."

இக்ராம் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். "அப்ப கல்யாணம் வேணாம்மா. அந்த வண்டிக்கு வெட்கப்படுற வீட்டுல நான் எதுக்கு வெட்கப்பட்டுக்கிட்டு வாழணும்?" என்றாள். நான் அவள் வயதில் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனவள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஹாஜியை நானே வரச் சொன்னேன். வந்தார். காபிகூட வேண்டாம் என்றார். கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ரபாஹ் பல்பைப் பொருத்தி, பாட்டரியைக் கொடுத்தான். அன்றைக்குப் பார்த்தபடியே எரியட்டும் என்று சின்ன விளக்கையும் போட்டுக் காட்டினான்.

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணாடியோரம் குனிந்தார். "பெரிய விளக்கு அணைஞ்சிருந்துச்சா?" என்றார். ஆமாம் என்றான் ரபாஹ். "நானும் அந்த மேட்டுல இப்படி விளக்கப் போட்டுக்கிட்டு நின்னவன்தான்" என்றார். "உள்ள எட்டிப் பாத்தாங்க. போன்னாங்க. அன்னையிலருந்து எதுக்கு என்னை விட்டாங்கன்னு யோசிக்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தச் சுவிட்ச யாரும் தொடலன்னு யாரும்மா சொல்றது?"

"அண்ணன்தான் வண்டியக் கொண்டு வந்துச்சு."

"அப்ப உங்கண்ணன் வந்து என் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். சொன்னா எங்க தெருவுல இந்த வண்டிதான் முதல்ல வரும். நானே வழிவிட்டு நிப்பேன்."

உன் ஒரு வார்த்தையில் பாபாவின் பெயரும் இக்ராமின் கல்யாணமும் தொங்குகிறது. நீ தொட்டிருந்தால் தொட்டேன் என்று எழுது, வண்டியை நானே இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுகிறேன். தொடவில்லை என்றால் வா. எதையும் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

சுலைகா


மார்செய்,
28 மே 2018

என் அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? உம்மாவை நோன்பு வைக்கவிடாதே, மருந்து சாப்பிடுகிறவள். மஹ்தி இந்த வருஷம் எல்லா நோன்பும் பிடிக்கிறான். உன் கடிதம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

நான் தொடவில்லை.

பாபா வராமல்போன மூன்றாம் நாள் சித்தப்பாவின் டிராக்டரில் போனோம். வண்டியைச் சோதித்த சிப்பாய்கள் தூரத்தில் நின்று, எடுத்துக்கொண்டு போ என்று கைகாட்டினார்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்க நான் ஏறினேன். சாவி தொங்கிக்கொண்டிருந்தது. திருப்பினேன், சத்தமே இல்லை. ஹார்னை அழுத்தினேன், அதுவும் இல்லை. பாட்டரி செத்திருந்தது. அதற்கும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது தெரியுமா? குடும்பத்தை விட்டுப் போகிறவன் பாட்டரியைக்கூட ஒழுங்காக விட்டுப் போகவில்லையே என்று. சீட்டில் ரத்தம் இருக்கிறதா என்று தேடினேன். நமக்கென்று ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அதோடு ஊர் சொன்னதை நம்பிவிட்டேன். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்க்கவில்லை, சுலைகா. பார்த்திருந்தால் அந்தச் சுவிட்ச் தெரிந்திருக்கும். பாட்டரி ஏன் செத்தது என்று புரிந்திருக்கும்.

இங்கே யார் கேட்டாலும் பாபா நெஞ்சுவலியில் இறந்தார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். மதினிக்கே போன மாதம்தான் சொன்னேன்.

இரவு பஸ்ஸில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்ணாடியில் காலி சீட்டுகள் தெரியும். உன் கடிதம் வந்த நாளிலிருந்து என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த விளக்கு பாட்டரி தீரும்வரை எரிந்திருக்கிறது. பனியில், காலி வண்டியில், விடிய விடிய. நாம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹாஜி மீலூதின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இக்ராமிடம் சொல், அவள் மாமன் கை இன்னும் தூக்குகிற நிலையில்தான் இருக்கிறது.

உன் அண்ணன்,
லக்தர்


மெதேயா,
8 ஜூலை 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொருதரம் படி என்றாள். படித்தேன். எழுந்துபோய் உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள்.

வண்டி ஓடுகிறது! முதல் தரம் கிளம்பியபோது கக்கிய புகையில் அண்டை வீட்டுக்காரி துணியெல்லாம் கறுத்து, பெரிய சண்டை. ரபாஹ் தெருமுனைவரை ஓட்டிவிட்டு மாப்பிள்ளை மாதிரி கையாட்டினான். வெளிர்நீலம் பூசியிருக்கிறோம், பழைய நிறமேதான்.

பெண்ணைப் பெற்றவள் ஊர்வலத்தோடு போகிற வழக்கம் இல்லை, அதனால் நான் வாசலோடு நின்றுவிடுவேன். உம்மா போகிறாளாம். அந்த முழங்காலோடு எதற்கு என்றேன். "எம் புருஷன் வண்டியில நான் போறேன், உனக்கென்ன?" என்றாள். கூரை விளக்கின் பல்பையும் ரபாஹிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நம் குடும்பத்தில் யார்தான் பதில் சொல்கிறீர்கள்?

பத்திரமாக வந்து சேர்.

சுலைகா


மெதேயா,
9 செப்டம்பர் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? மதினிக்கு அனுப்பிய பாதாம் பணியாரம் கப்பலில் நொறுங்காமல் வந்ததா? இக்ராம் நேற்று வந்துவிட்டுப் போனாள், முகமெல்லாம் பூரிப்பு. ஹாஜி மீலூத் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிவிட்டதை இன்னும் ஊர் பேசுகிறது. பொதுக் குளியலறையில் என்னோடு இத்தனை வருஷம் பேசாத ஒருத்தி என் முதுகைத் தேய்த்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் நீ எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும். கல்யாணத்தன்று நீயும் உம்மாவும் ஏன் அவ்வளவு தாமதமாகத் திரும்பினீர்கள் என்று கேட்டேன். எஞ்சின் சூடாகிவிட்டது என்றாய். ரபாஹ் ரேடியேட்டரைக் கழற்றிப் பிரித்து மேய்ந்துவிட்டான், ஒரு குறையும் இல்லை. "உங்கண்ணனுக்கு பஸ்தான் லாயக்கு" என்று என்னைத் திட்டுகிறான்.

நீ கப்பலேறிய மறுநாள் உம்மா வெள்ளை உடுத்தினாள். கைம்பெண் வெள்ளை. இத்தா இருக்கிறாளாம், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட மாட்டாளாம். இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி எத்தனை பேர் வந்தார்கள்! அவர்களையெல்லாம் துரத்தியவள் இவள். என்ன ஆயிற்று என்றால், "உங்கண்ணன்கிட்ட கேளு" என்கிறாள்.

இன்னொன்று. இன்று காலை வண்டியைத் துடைத்தேன். கூரை விளக்கின் சுவிட்ச் மறுபக்கம் இருக்கிறது. அதை யார் தொட்டது?

சுலைகா


மார்செய்,
23 செப்டம்பர் 2018

என் அன்புத் தங்கைக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். பணியாரம் நொறுங்கித்தான் வந்தது, ஸ்பூனால் அள்ளித் தின்றோம். எஞ்சினில் ஒன்றும் இல்லை. ரபாஹிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

போகும்போது ஹார்னும் குலவையுமாக ஒரே கூத்து. மேடு வந்ததே தெரியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். தெரிந்தது. நான்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது நானும் உம்மாவும் மட்டும். மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிக்கொண்டு வந்தது. மேடேறியதும் உம்மா, "நிறுத்து" என்றாள்.

"எங்கம்மா?"

"எங்கன்னு உனக்குத் தெரியும்."

நிறுத்தினேன். வண்டி வீட்டைப் பார்த்து நின்றது. கைபிரேக் போட்டேன். "பெரிய விளக்க அணை. சின்னது போதும்" என்றாள். அணைத்தேன். முக்காட்டு நுனியில் முடிந்து வைத்திருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். பல்பு இருந்தது. "இதப் போடு." அது இரண்டு தரம் நழுவி என் மடியில் விழுந்தது. பொருந்தியதும் எரிந்தது. சுவிட்ச்தான் அவர் போட்டபடியே இருக்கிறதே.

வெளியே எதுவும் தெரியவில்லை. கண்ணாடியில் எங்கள் முகம் மட்டும் தெரிந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு இருட்டில் இருப்பவனுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பயந்திருப்பார், சுலைகா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தலையத் தூக்குடா" என்றாள் உம்மா. "அவர் போறப்ப உனக்கு மீசைகூட சரியா மொளைக்கல. இப்ப நரைச்சிருச்சு. காட்டு. பாக்கட்டும்."

தூக்கினேன். உம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். வீட்டில் பக்கத்து அறைக்குக் குரல் கொடுப்பதுபோலப் பேசினாள். "கேட்டீங்களா, சுலைகா மவளுக்கு இன்னைக்குக் கல்யாணம். பையன் வாத்தியார். நல்ல பையன். வண்டிய உங்க புள்ளதான் ஓட்டிட்டுப் போனான். ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, நீங்க எங்கயும் போகலன்னு." கைக்குட்டையில் அந்தப் பேரீச்சம்பழங்களும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே மண்ணில் போட்டாள். "நேரமாச்சு. நோன்பத் திறங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. மரங்களுக்குள் ஏதோ சரசரத்தது, காற்றாக இருக்கும். ஓட்டுகிறவர் சீட்டின் அந்தப் பள்ளத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பு அதில் சரியாகப் பொருந்தியது.

"போதும்" என்றாள். "பாத்துட்டார். அணை."

பல்பைக் கழற்றக் கையைத் தூக்கினேன். "அது இல்ல" என்றாள். "சுவிட்ச."

என்னால் முடியாது என்றேன். அவர் விரல் பட்ட இடம், அதன்மேல் இத்தனை வருஷமாக யாரும் விரல் வைக்கவில்லை என்றேன். "அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். "பெத்த புள்ள செய்ய வேண்டியது. நான் எத்தன காலம் எரியவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கறது?"

அணைத்தேன். ஒரு சின்ன சத்தம் கேட்டது. இருட்டில் உம்மா, இறந்தவருக்கு ஓதுகிற ஃபாத்திஹாவை ஓத ஆரம்பித்தாள், நானும் ஓதினேன். அவருக்காக நான் ஓதிய முதல் ஃபாத்திஹா. பிறகு பெரிய விளக்கைப் போட்டு வண்டியை எடுத்தேன். "மெதுவா ஓட்டு, கால் வலிக்குது" என்றாள்.

வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய். ஏன் இவ்வளவு நேரம் என்றாய். உம்மா என்னைப் பார்த்தாள். எஞ்சின் சூடாகிவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

சுவிட்சைத் தொட்டது யார் என்று கேட்டிருந்தாய். இந்த முறை நான்தான்.

உம்மாவின் கையை எனக்காக முத்தமிடு.

லக்தர்,
தாஹிரின் மகன்